கிட்லேப் ஹேண்ட்புக்: டீம் லீட் ஆனவங்க ஒரு தடவை படிச்சிடுங்க

புதுசா டீம் லீட், மேனேஜர் ஆனவங்க யார் கேட்டாலும் நான் முதல்ல அனுப்புற லிங்க், சாஃப்ட்வேர் எழுதுறவங்களுக்கு டூல் பண்ற கிட்லேப் கம்பெனியோட ஹேண்ட்புக்தான், அதாவது அவங்க கையேடு. காசு கிடையாது, லாகின் கிடையாது, கம்பெனியை எப்படி நடத்துறாங்கன்னு பெரும்பாலும் பப்ளிக்காவே எழுதி வச்சிருக்காங்க. எல்லாரும் அவங்கவங்க ஊர்ல இருந்தே வேலை பாத்து 2021ல அமெரிக்காவோட நாஸ்டாக் பங்குச்சந்தை வரைக்கும் போன கம்பெனி, எழுதி வைக்கலன்னா அங்க பொழப்பே ஓடாது.

அதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது ரீட்மி பக்கங்கள். சாஃப்ட்வேரை எப்படிப் பயன்படுத்தணும்னு அதோட ரீட்மின்னு ஒரு அறிமுகக் குறிப்பு வைப்பாங்கல்ல, அதே மாதிரி மேனேஜருங்க தன்னைப் பத்தியே எழுதி வச்சிருப்பாங்க, எப்படி வேலை பாப்பேன், என்கிட்ட எப்படிப் பேசினா நல்லதுன்னு. அதுலயும் 2024 கடைசி வரைக்கும் சிஇஓவா இருந்த சிட் சிப்ராண்டி தன்னோட குறைகளுக்குன்னே தனியா ஒரு பகுதி வச்சிருந்தாரு. எப்பவும் முகத்தை சீரியஸா வச்சிருப்பேன், கொஞ்சம் சிரிங்கன்னு தாராளமா சொல்லலாம், விவாதம் பண்றது எனக்குப் பிடிக்கும், அதை நிறுத்திட்டு சேர்ந்து வேலையைப் பாக்கலாம்னு சொல்லுங்க, அவசரத்துல சட்டுனு முடிவுக்கு வந்துடுவேன், இன்னும் கொஞ்ச நேரம் பேசலாமான்னு கேளுங்க, இப்படிப் போகும்.

கவனிச்சீங்கன்னா குறையைச் சொல்றதோட நிக்கல, அந்த நேரத்துல நாம என்ன சொல்லணும்னும் அவரே எடுத்துக் கொடுக்குறாரு. சார், மேடம்னே பேசிப் பழகின நம்ம டீம்கள்ல ஜூனியர் யாரும் மேனேஜர்கிட்ட "நீங்க அவசரப்படுறீங்க"ன்னு வாயைத் திறக்கவே மாட்டாங்க, அந்த வரியை மேனேஜரே எழுதிக் கொடுத்திருந்தா ஒரு தைரியம் வரும்ல. இதைப் பாத்து ரீட்மி எழுதுற நிறைய பேர் இந்தப் பகுதியைத்தான் விட்டுடுறாங்க. காலைல மீட்டிங் வேண்டாம், போன் பண்ணாதீங்க, ரெண்டு வரில சொல்லுங்கன்னு கண்டிஷன் மட்டும் அடுக்கினா படிக்கிற டீமுக்கு பயம்தான் கூடும்.

மீட்டிங் பத்தின பகுதியும் அருமை. கூகுள் டாக்ல அஜெண்டா முன்னாடியே இருக்கணும், கேள்வியை அதுலயே எழுதணும், பேசறப்பவே எல்லாரும் சேர்ந்து நோட்ஸ் எடுக்கணும், அரை மணி நேர மீட்டிங்கை 25 நிமிஷத்துல முடிக்கணும். வர முடியாதவங்க அப்புறமா படிச்சுக்கலாம். அமெரிக்கா டீமோட சேர்ந்து வேலை பாக்குறவங்க ராத்திரி மீட்டிங்ல உக்காந்து தூக்கத்தைத் தொலைக்கிறதுல பாதி இந்த ஒரு பழக்கத்தால குறையும்னு நான் உறுதியா நம்புறேன்.

குறைன்னு பாத்தா அளவுதான். கடல் மாதிரி பெருசு, எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியாது, சில விஷயங்கள் ஊழியர்களுக்கு மட்டும்னு உள்ள வச்சிருக்காங்க. அப்புறம் எல்லாம் ஆள் வேற வேற நேர மண்டலத்துல இருக்கறதை வச்சு எழுதினது, ஒரே ரூம்ல அஞ்சு பேர் உக்காந்திருக்கிற ஸ்டார்ட்அப்புக்கு இவ்வளவு எழுத்து வேலை தேவைப்படாது.

5க்கு 4. முதல்ல கம்யூனிகேஷன் பக்கம், அப்புறம் ரெண்டு மூணு பேரோட ரீட்மி, மத்தது தேவைப்படுறப்ப தேடிக்கலாம். நீங்களே ஒண்ணு எழுதப் போறீங்கன்னா டீம்ல உங்களோட ரொம்ப நாளா இருக்கிற ஒருத்தர்கிட்ட முதல்ல காட்டுங்க, விட்டுப்போன குறையை அவங்க சொல்லுவாங்க.