ஆழ்வார்பேட்டை பேய் வாக், காசு கட்டிடாதீங்க மக்களே

இன்ஸ்டால ஒரு விளம்பரம் சுத்திட்டு இருக்கு, "சென்னையின் மர்ம மாளிகை, நைட் வாக், உள்ளே அனுமதி உண்டு, டின்னர் ஃப்ரீ"ன்னு, தலைக்கு 1,499. சீலிங்ல போய் முட்டுற மரப்படிக்கட்டு ஒண்ணோட போட்டோ வேற. அத நம்பி நான், வீட்டுக்காரம்மா, மச்சான், அவன் ஃப்ரெண்டு, நாலு பேரும் போன சனிக்கிழமை 5,996 ரூபா அழுதுட்டு வந்தோம்.

ராத்திரி ஒம்பதரைக்கு ஆழ்வார்பேட்டை ஆஞ்சநேயர் கோயில்கிட்ட நிக்க சொன்னாங்க. பேய் காட்டுறவன் ஆஞ்சநேயர் கோயில்ல அசெம்பிள் பண்ண சொல்றான், அங்கயே நான் உஷாராகியிருக்கணும். பதினெட்டு பேர் இருந்தோம், கருப்பு டீஷர்ட் போட்ட தம்பி ஒருத்தர்தான் கைடு, நேரா டிமான்டி காலனி பக்கம் நடக்க விட்டுட்டார். அங்க பூட்டின கேட்டு. "இன்னிக்கு பர்மிஷன் கேன்சல் சார், வெளிய இருந்தே எனர்ஜி ஃபீல் பண்ணலாம்"ங்கறார். பக்கத்துல இருந்த வாட்ச்மேன் அண்ணன்கிட்ட கேட்டேன், "எந்த பர்மிஷன் சார், எவனாவது இப்படி கூட்டிட்டு வந்துட்டே இருக்கான், நாங்க தொரத்திட்டே இருக்கோம்"னார். அந்த இடம் ஜான் டிமான்டிங்கற போர்ச்சுகீஸ் வியாபாரி மயிலாப்பூர் மறைமாவட்டத்துக்கு எழுதி வச்ச சொத்து, கண்டவன்லாம் டிக்கெட் போட்டு உள்ள விடுற எடமே இல்ல.

சரி கதையாவது சொல்லுவார்னு பாத்தா, இந்த வீட்டுல ஒரு பணக்கார விதவை இருந்தாங்களாம், வீட்டுக்காரர் துப்பாக்கி கம்பெனியாம், அந்த துப்பாக்கில செத்தவங்க ஆவி துரத்தாம இருக்க நிறுத்தாம வீடு கட்டிட்டே இருந்தாங்களாம், கதவைத் திறந்தா நேரா கீழதான் விழணுமாம், 44 படி ஏறினாலும் 9 அடிதான் மேல போகுமாம். எனக்கு சிரிப்பு தாங்கல. ரெண்டு வருஷம் முன்னாடி சித்தப்பா பையன் சான் ஹோசேல இந்த வீட்டுக்குத்தான் என்ன கூட்டிட்டுப் போனான், வின்செஸ்டர் வீடு, கலிஃபோர்னியா! சாரா வின்செஸ்டர் 1886ல வாங்கின பண்ணை வீடு, 1922ல அவங்க சாகுறதுக்குள்ள 160 ரூமாயிடுச்சு. அந்த குட்டி குட்டி படிக்கு காரணம் பேயும் இல்ல ஒண்ணும் இல்ல, அந்தம்மாவுக்கு மூட்டுவலி, காலைத் தூக்கி வைக்க முடியாது, அதனால ஒவ்வொரு படியும் ரெண்டு, ரெண்டரை இஞ்ச்தான். 1906 நிலநடுக்கத்துல மேல் மாடிங்க விழுந்து, அப்புறம் முழுசா சரி பண்ணாம விட்டதுலதான் பாதி விசித்திரம். எங்க அம்மாவுக்கும் மூட்டுவலிதான், அந்தப் படிய பாத்தப்ப அவங்க ஞாபகம்தான் வந்துச்சு, பயம்லாம் வரல. அந்தக் கதைய அப்படியே தூக்கி ஆழ்வார்பேட்டைல இறக்கிட்டாங்க.

"தம்பி, இது அமெரிக்கா கதையாச்சே"ன்னேன். "ரெண்டு வீட்டுக்கும் கனெக்‌ஷன் இருக்கு சார்"னார், கூசாம.

அடுத்து பேய் மீட்டர். மஞ்சக் கலர் டப்பா, செவுத்துக்குள்ள ஒயர் எங்க ஓடுதுன்னு பாக்க எலக்ட்ரீஷியன்லாம் வச்சிருப்பாங்களே அதேதான், கம்பெனி பேர் மேல ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. ஒரு எடத்துல கீ கீன்னு கத்துது, எல்லாரும் "ஓ"ங்கறாங்க, திரும்பிப் பாத்தா ஈபி பில்லர் பாக்ஸ். கரண்டு இருக்கற எடத்துல கத்தாம என்ன பண்ணும்.

டின்னர்? ஆறிப்போன லெமன் ரைஸ், ஊறுகாய் பாக்கெட் கூட இல்ல.

காச திருப்பிக் கேட்டேன், "மண்டே போட்டுடறோம்"னாங்க. மண்டே காலைல வாட்ஸாப் குரூப்ல இருந்து தூக்கிட்டாங்க, நம்பர் பிளாக். ஜிபேல போன பேரு ஒண்ணு, விளம்பரத்துல இருக்கற பேரு வேற, கட்டுறதுக்கு முன்னாடி அத பாக்காதது என் தப்பு. சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணி கம்ப்ளைன்ட் குடுத்திருக்கேன், நீங்களும் மாட்டியிருந்தா ஸ்க்ரீன்ஷாட்லாம் அழிக்காம உடனே கூப்பிடுங்க. 1915 கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன்லயும் சொல்லலாம்.

வித்தியாசமான பழைய கட்டடம்தான் பாக்கணும்னா பீச் ரோட்ல ஐஸ் ஹவுஸ் இருக்கு, 1842ல அமெரிக்கால இருந்து கப்பல்ல வந்த ஐஸ் கட்டிய வைக்க கட்டின வட்டக் கட்டடம், 1897ல விவேகானந்தர் ஒம்போது நாள் தங்கினது. பகல்ல போங்க, பேய் இல்ல.

நேத்து திரும்ப அந்த விளம்பரம் வந்துச்சு. பேரு மாறியிருக்கு, ரேட்டு 1,799 ஆயிடுச்சு, படிக்கட்டு போட்டோ மட்டும் அதேதான்.