இறங்கும் சந்தையில் ஓய்வுக்காலச் சேமிப்பு: இண்டெக்ஸ் ஃபண்டும் என்பிஎஸ்ஸும் எப்படி உழைக்கின்றன?

வயது இருபதுகளில். சொந்த ஊர் கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம். வேலை திருச்சியிலோ சென்னையிலோ. வீட்டில் கொஞ்சம் நிலம் உண்டு, சம்பா சாகுபடி நடக்கிறது. இப்படிப்பட்ட ஒருவர் 60 வயதுக்குப் பிந்தைய காலத்துக்காகப் பணம் சேர்க்க நினைத்தால் கைக்கு எட்டுபவை மூன்று: சம்பளத்தில் பிடிக்கும் பிஎஃப், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் (ஐம்பது பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஃபண்ட்) மாதாந்தர எஸ்ஐபி (மாதாமாதம் தானாகப் போகும் தவணை முதலீடு), என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கு. பிஎஃப் தானாக ஓடும். 2024-25க்கு வட்டி 8.25%. வேலை மாறும்போது பணத்தை எடுத்துவிடாமல் அதே யுஏஎன் எண்ணுக்கு (பிஎஃப் உறுப்பினருக்கான நிரந்தர எண்) மாற்றிக்கொண்டால் போதும். மற்ற இரண்டும் சந்தையோடு ஏறி இறங்குபவை. நீண்ட காலம் வைத்திருந்தால் அவை எப்படி உழைக்கின்றன, எங்கே மாட்டிக்கொள்கின்றன என்பதுதான் இந்த அனுபவப் பகிர்வு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். இரண்டும் நன்றாகவே உழைக்கின்றன. விலை சரிந்ததால் முறிந்த திட்டங்களைவிட, கையில் ரொக்கம் இல்லாமல் முறிந்த திட்டங்களே அதிகம். டெல்டாவில் இது இன்னும் பொருந்தும்.

சரிவு எவ்வளவு ஆழமாக இருக்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜனவரி 14 அன்று 12,362இல் முடிந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610இல் முடிந்தது. அந்த ஒரே நாளில் மட்டும் ஏறக்குறைய 13% போனது. அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. 2024 செப்டம்பர் இறுதியில் 26,277 வரை போய், 2025 ஏப்ரல் 7 அன்று 21,743 வரை இறங்கியதும் இதே வகைதான்: வலிக்கும், ஆனால் நீளாது.

புதிதாக வருபவர் மனத்தைத் தயார் செய்துகொள்ள வேண்டியது 2008 மாதிரியான காலத்துக்கு. அந்த ஜனவரியில் 6,300க்கு மேல் இருந்த குறியீடு அக்டோபரில் 2,300க்கும் கீழே தொட்டது. 2010 நவம்பரில் மறுபடி 6,300. 2011 டிசம்பரில் 4,600க்குக் கீழே. 2013 நவம்பரில் திரும்பவும் 6,300. கிட்டத்தட்ட ஆறு வருடம், ஆரம்பித்த இடத்திலேயே. மொத்தப் பணத்தையும் 2008 ஜனவரியில் போட்டவருக்கு டிவிடெண்ட் தவிர லாபம் எதுவும் மிஞ்சவில்லை. மாதாமாதம் போட்டவர் கதை வேறு. 3,000க்கும் 4,500க்கும் அவர் வாங்கிய யூனிட்கள் (ஃபண்டில் அவருக்குச் சொந்தமான அலகுகள்) 2013இல் லாபத்தில் நின்றன. கணக்கு எளிது: யூனிட் விலை 120 ரூபாயாக இருக்கும்போது 5,000 ரூபாய்க்கு 41.67 யூனிட் கிடைக்கும், 80 ஆகும்போது 62.5. ஸ்டேட்மெண்டில் மொத்த மதிப்பு சிவப்பில் இருக்கும் மாதங்களில் யூனிட் எண்ணிக்கையைப் பாருங்கள். 25 வயதில் கவனிக்க வேண்டிய எண் அதுதான்.

ஆனால் யூனிட் சேர வேண்டுமானால் தவணை நிற்கக் கூடாது. தவணையை நிறுத்துவது பெரும்பாலும் பயம் என்றே எழுதுகிறார்கள். டெல்டாக் குடும்பங்களில் அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது: வீட்டுக்குப் பணம் தேவைப்படுவதும் சந்தை விழுவதும் ஒரே நேரத்தில் வந்து சேரும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. அதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் நிஃப்டி 11,700 சொச்சத்திலிருந்து 10,000 அளவுக்கு இறங்கியிருந்தது. அப்போது ஃபண்டை விற்றுத்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருந்த எவருக்கும் நல்ல விலை கிடைத்திருக்காது. எனவே எஸ்ஐபி தொடங்கும் முன் ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக, வேறு வங்கிக் கணக்கில் அல்லது வங்கி டெபாசிட்டில் இருக்க வேண்டும். நிலம் உள்ள வீடு என்றால் அடுத்த சாகுபடிச் செலவும் அதோடு சேரும். இது இல்லாமல் தொடங்கும் எஸ்ஐபியை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம், தொகை எவ்வளவு சிறியதாக இருந்தாலும் சரி.

கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் இருந்தால் அது இன்னும் முன்னால் வரும். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை. தவறினால் அந்தச் சலுகை போய்விடும். சந்தை இறங்கியிருக்கிறது, இப்போதே வாங்க வேண்டும் என்று பயிர்க்கடன் பணத்தை ஃபண்டில் திருப்புவதும், நகையை அடகு வைத்து ஃபண்ட் வாங்குவதும் கூடாது. நகைக்கடன் வட்டி உறுதியானது. ஃபண்ட் வருமானம் அப்படி இல்லை.

வருமானம் மாதச் சம்பளமாக வராமல் அறுவடையில் வருபவர்களுக்கு எஸ்ஐபி அவ்வளவாகப் பொருந்தாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட சம்பா நெல்லின் பணம் பிப்ரவரி, மார்ச்சில் மொத்தமாகக் கணக்கில் ஏறும். குறுவைப் பணம் அக்டோபரை ஒட்டி வரும். இங்கே எஸ்டிபி (ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்குத் தவணையாக மாற்றும் முறை) நன்றாக வேலை செய்கிறது. ஓய்வுக்காலத்துக்கென ஒதுக்கும் தொகை 1,20,000 ரூபாய் என்றால், அதை ஒரு நிறுவனத்தின் லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் ஃபண்ட்) போட்டு, அங்கிருந்து மாதம் 10,000 வீதம் 12 மாதம் அதே நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாற்றச் சொல்லிப் பதிவு செய்துவிடலாம். வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியாது. அதனால் முதலில் இண்டெக்ஸ் ஃபண்டைத் தேர்ந்தெடுத்து, பிறகு அதே வீட்டு லிக்விட் ஃபண்டுக்குப் போக வேண்டும். லிக்விட் ஃபண்டில் முதல் ஆறு நாளுக்குள் எடுத்தால் சிறு வெளியேறும் கட்டணம் உண்டு, எனவே முதல் மாற்றம் ஏழு நாள் கழித்து இருக்கட்டும். ஒவ்வொரு மாற்றமும் வரிக்கணக்கில் ஒரு விற்பனை. லிக்விட் ஃபண்டின் லாபம் உங்கள் வருமான வரம்புப்படி வரிக்கு உட்படும். தொகை சிறியதுதான், ஆனாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.

மாதச் சம்பளக்காரருக்கு வரும் சிக்கல் பெரும்பாலும் தேதியில். சம்பளம் 1ஆம் தேதி வரும் என்று எஸ்ஐபியை 2இல் வைத்தால், விடுமுறை வந்து சம்பளம் தள்ளிப்போகும் மாதத்தில் தவணை திரும்பிவிடும். வங்கி அதற்குச் சில நூறு ரூபாயும் ஜிஎஸ்டியும் பிடிக்கும். மாதத் தவணை தொடர்ந்து மூன்று முறை தவறினால் எஸ்ஐபியே ரத்தாகிவிடும். பலர் அதை மாதங்கள் கழித்துத்தான் கவனிக்கிறார்கள். 7 முதல் 10ஆம் தேதிக்குள் வைப்பது பாதுகாப்பு. பணம் பற்றாத மாதம் வரும் என்று தெரிந்தால் தவற விடாமல் முன்கூட்டியே ‘பாஸ்’ (தவணையைத் தற்காலிகமாக நிறுத்தும்) வசதியைப் பயன்படுத்துங்கள். மேண்டேட்டின் (தவணையைத் தானாகப் பிடிக்க வங்கிக்குக் கொடுக்கும் அனுமதி) உச்சவரம்பைத் தொடக்கத்திலேயே தவணையைப் போல மூன்று நான்கு மடங்கு வைத்துக்கொண்டால், பிற்பாடு தொகையை உயர்த்தும்போது புதிய மேண்டேட் போட வேண்டியதில்லை.

சந்தை 5% விழும் நாளில் கூடுதலாகப் போட நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்திருக்க வேண்டும். பணம் அனுப்பிய நேரத்துக்கு விலை கிடைப்பதில்லை. மாலை 3 மணிக்குள் பணம் ஃபண்டின் கணக்கில் போய்ச் சேர்ந்திருந்தால்தான் அன்றைய விலை. ஒவ்வொரு வாங்குதலிலும் 0.005% முத்திரைத் தீர்வை போகும். 5,000 ரூபாயில் 25 காசு. ஸ்டேட்மெண்டில் 4,999.75 என்று இருப்பது அதனால்தான்.

ஃபண்ட் வாங்கும்போது பெயரில் ‘டைரக்ட்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முகவர் கமிஷன் ஒவ்வொரு வருடமும் உங்கள் பணத்திலிருந்து போகிறது. 35 வருடத்தில் அது சிறிய தொகை இல்லை.

என்பிஎஸ் விஷயத்தில் பலரும் குறை சொல்வது பூட்டைப் பற்றி. டயர் 1 (ஓய்வுக்காலத்துக்கான முதன்மைக் கணக்கு) பணத்தை இடையில் எளிதாக எடுக்க முடியாது. 3 ஆண்டுக்குப் பிறகு, குறிப்பிட்ட காரணங்களுக்கு மட்டும், சொந்தப் பங்களிப்பில் 25% வரைதான். சரிவுக் காலத்தில் இதே பூட்டுதான் இதன் பெரிய பலம். தங்கை வளைகாப்பு, வீட்டுக்கு ஓடு மாற்றுவது என்று எது வந்தாலும் இதில் கை வைக்க முடியாது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ‘ஆக்டிவ் சாய்ஸ்’ எடுத்தவர்கள் பங்கு, கடன் பத்திர விகிதத்தை ஒரு நிதியாண்டில் நான்கு முறை வரை மாற்றலாம். சந்தை விழுந்த வாரத்தில் பங்கிலிருந்து அரசுப் பத்திரத்துக்கு மாற்றிவிட்டு, ஏறிய பிறகு திரும்பி வருபவர்கள் நஷ்டத்தை நிரந்தரமாக்கிக்கொள்கிறார்கள். தலைப்புச் செய்தி பார்த்தால் கை துடிக்கும் என்று தெரிந்தவர் ‘ஆட்டோ சாய்ஸ்’ஸில் எல்சி75ஐ எடுக்கட்டும். 35 வயது வரை 75% பங்கில் இருக்கும், பிறகு ஆண்டுதோறும் தானாகக் குறைந்துவரும். எதுவும் தேர்ந்தெடுக்காமல் விட்டால் 50% பங்கில் தொடங்கும் எல்சி50க்குப் போய்விடும். 25 வயதுக்காரருக்கு அது நிதானம் அதிகம் என்பது எங்கள் கருத்து.

என்பிஎஸ்ஸில் பணம் செலுத்த டி-ரெமிட் வசதியே நல்லது. ஒரு மெய்நிகர் கணக்கு எண் கிடைக்கும். அதை வங்கியில் பயனாளியாகச் சேர்த்து மாதாந்தர நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால் எஸ்ஐபி போலவே ஓடும். காலையில் சீக்கிரமே பணம் போய்ச் சேர்ந்தால் அன்றைய விலை. 50,000 ரூபாய்க்கான கூடுதல் வரிவிலக்கு பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புதிய முறையில் இருப்பவர் அதை நம்பிச் சேர வேண்டாம். முதிர்வில் ஒரு பகுதியைக் கட்டாயம் ஆனுயிட்டியில் (ஆயுள் முழுக்க ஓய்வூதியம் தரும் காப்பீட்டுத் திட்டம்) போட வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்திருங்கள்.

தொகையைப் பற்றி ஒரு கசப்பான கணக்கு. மாதம் 5,000, 35 வருடம், ஆண்டுக்கு 10% வளர்ச்சி என்று வைத்துக்கொண்டால் சுமார் 1.9 கோடி வரும். விலைவாசி ஆண்டுக்கு 6% ஏறினால் அது இன்றைய மதிப்பில் 25 லட்சத்துக்கும் குறைவு. அதே 5,000இல் தொடங்கி ஒவ்வொரு வருடமும் 10% உயர்த்தினால் சுமார் 6 கோடி. இன்றைய மதிப்பில் 79 லட்சத்துக்கு அருகில். 10% என்பது வெறும் அனுமானம், உத்தரவாதம் இல்லை. ஆனால் எந்த ஃபண்ட் சிறந்தது என்று தேடும் நேரத்தை, இன்கிரிமெண்ட் வந்த மாதமே தவணையை உயர்த்துவதில் செலவிடலாம் என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி.

கடைசியாக, நம் ஊர்க்காரர்களை அதிகம் அலைய வைப்பது இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். ஆதாரில் இனிஷியல் பின்னால். பள்ளிச் சான்றிதழில் முன்னால். பிஎஃப் கணக்கில் இனிஷியலே இல்லாமல். பெயர் பொருந்தாமல் கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ‘ஹோல்டு’க்குப் போனால் புதிதாக வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. சந்தை விழுந்த நாளில் இதைக் கண்டுபிடிப்பது கொடுமை. பானில் உள்ளபடியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் திருத்திக்கொண்டு, அதன் பிறகு ஃபண்ட் கணக்கு திறங்கள். சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலைக்குப் போகிறவர்கள் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாடுவாழ் இந்தியருக்கான ரூபாய்க் கணக்கு) மாற்றி, கேஒய்சியிலும் வெளிநாடுவாழ் இந்தியர் என்று பதிய வேண்டும். பழைய கணக்கு மாறும்போது அதில் ஓடிக்கொண்டிருந்த எஸ்ஐபி மேண்டேட் நின்றுவிடலாம். புதிய கணக்கில் மறுபடி போட வேண்டியிருக்கும். வங்கிக்கும் ஃபண்ட் அலுவலகத்துக்கும் கையெழுத்துப் படிவம் போக வேண்டிய வேலை இது, விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிட்டால் நல்லது.