ஓடாத எம்ஜிபி ரோட்ஸ்டர்: அப்படியே விற்பதா, ஓட வைத்து விற்பதா, பிரித்து விற்பதா?

பிரிட்டனில் மேற்கூரை திறக்கும் பழைய கார் என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எம்ஜிபிதான். 1962 முதல் 1980 வரை, துணிக்கூரை போட்ட ரோட்ஸ்டரும் மூடிய ஜிடியும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேல் ஆபிங்டன் தொழிற்சாலையில் தயாராயின. அவற்றில் எத்தனையோ கார்கள் இன்றும் யாரோ ஒருவர் வீட்டு கேரேஜில், காற்றிறங்கிய டயர்களோடு, முதுகில் அட்டைப்பெட்டிகளைச் சுமந்துகொண்டு நிற்கின்றன. பெரியவர் தவறிவிட்டார், அல்லது வீடு கைமாறப் போகிறது. கேரேஜைக் காலி செய்தாக வேண்டும். அப்போதுதான் தலைப்பில் உள்ள கேள்வி குடும்பத்துக்குள் விவாதமாகிறது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்களுக்கு அப்படியே விற்பதுதான் சரி. மற்ற இரண்டு வழிகளுக்கும் சில விதிவிலக்குகள் உண்டு; அவற்றையும் பார்க்கலாம்.

முதலில் விலை எப்படி அமைகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். எம்ஜிபி அரிய கார் இல்லை. அதற்கு வேண்டிய பாகங்கள் ஏறக்குறைய அனைத்தும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் இந்தக் காரின் முழு உடலையே பழைய அச்சுகளைக் கொண்டு புதிதாகத் தயாரித்துத் தருகிறது. ஆகவே வாங்க வருபவர் தலைகீழாகக் கணக்குப் போடுகிறார்: நன்றாக ஓடும் எம்ஜிபி ஒன்றின் விலையிலிருந்து பழுதுபார்க்கும் செலவைக் கழிக்கிறார். துரு அதிகமென்றால் விடை பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். முழுச் சீரமைப்பைக் கூலி கொடுத்துச் செய்தால், ஆகும் செலவு முடிந்த காரின் விலையைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அப்படியிருந்தும் வாங்க ஆள் வருகிறார்கள் என்றால், அவர்கள் தம் உழைப்புக்குக் கூலி போட்டுப் பார்க்காதவர்கள். நாம் தேட வேண்டியதும் அவர்களைத்தான்.

அந்த ஆள் வந்ததும் இன்ஜினைப் பார்க்க மாட்டார், மண்டியிட்டுக் கதவுக்கு அடியில் பார்ப்பார். காரணம், எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ், அதாவது உடலைத் தாங்கும் அடிச்சட்டம், கிடையாது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டைப் பழுது பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். ஹெரால்டில் உடலைக் கழற்றினாலும் அடியில் சேஸிஸ் தனியாக நிற்கும். எம்ஜிபியில் உடல்தான் எல்லாம். அதிலும் ரோட்ஸ்டருக்குத் தாங்கிப் பிடிக்க மேற்கூரை இல்லாததால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே கதவுக்கு அடியில் ஓடும் பெட்டி போன்ற தகர அமைப்புத்தான் காரை வளையாமல் வைத்திருக்கிறது. ‘சில்’ என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என அடுக்கடுக்காக இருக்கும். வெளித்தகடு பளபளவென்று புதிதாக இருக்க, உள்ளே இரண்டும் உதிர்ந்து போயிருப்பது இந்தக் காரில் அடிக்கடி காணும் மோசடி.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சோதனை இருக்கிறது. கதவை மூடி, அதன் பின்விளிம்பில் மேலும் கீழும் உள்ள இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பின்பக்கம் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்க வேண்டும். இடைவெளி மாறாமல், கதவு முன்போலவே திறந்து மூடினால் உடலில் இன்னும் வலு இருக்கிறது. கதவு சிக்கிக்கொண்டால் கார் நடுவில் மடங்குகிறது என்று அர்த்தம். விற்பவரே இதைச் செய்து வீடியோ எடுத்துப் போட்டால், வாங்குபவர் மனதில் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். ஜாக்கி வைத்த இடமே நொறுங்கினால்? அதையும் படம் எடுத்துப் போடுங்கள். ஒளித்து வைத்த துரு வாசலில் பேரம் பேசும்போது வெளிவந்தால் கழிக்கப்படும் தொகை, அந்தத் துருவின் மதிப்பைவிடப் பெரியது.

இப்போது ஓட வைத்து விற்கும் வழிக்கு வருவோம். ‘நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது’ என்று எல்லா விளம்பரங்களிலும் எழுதியிருக்கும். எல்லாக் கார்களும் நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தன! ஆகவே இன்ஜின் உறுமும் வீடியோவுக்கு மதிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அங்கே போய்ச் சேர வழியில் என்னென்ன இருக்கின்றன என்று பாருங்கள். பெட்ரோல் பிசினாகிக் கிடக்கும் டேங்கைக் கழுவ வேண்டும், பம்பை உசுப்ப வேண்டும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குத் தரும் இரண்டு எஸ்யூ கார்ப்பரேட்டர்களையும் பிரித்துச் சுத்தம் செய்ய வேண்டும், ரப்பர் குழாய்களை மாற்ற வேண்டும். நெடுநாள் நின்ற காரில் கிளட்ச் தகடு ஒட்டிக்கொண்டிருக்கும். இவ்வளவும் செய்தபின் கிடைப்பது ஓடும் இன்ஜினும் அதே துருப்பிடித்த உடலும். எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் மலிவாகக் கிடைக்கும் பொருள், பழுதுபார்க்கவும் எளிது. செலவழித்த பணம் முழுதாகத் திரும்பாது.

அதைவிடப் புத்திசாலித்தனமானது பாதியில் நின்றுகொள்வது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, நான்கு சிலிண்டரிலும் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடாமல் கையால் மட்டும் சுழற்றிப் பாருங்கள். சுழன்றால், ‘இன்ஜின் இறுகவில்லை, கையால் சுழல்கிறது, ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை’ என்று எழுதிவிடலாம். அடுத்து பிரேக்குகளை விடுவித்து, டயர்களில் காற்றடித்து, கார் உருளும்படி செய்யுங்கள். சக்கரம் உருளாத காரை லாரியில் ஏற்றுவது பெரும்பாடு; வாங்குபவர் அந்தச் செலவையும் விலையில் கழிப்பார். ஓடும் இன்ஜினைவிட உருளும் சக்கரத்துக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

காரை முழுதாக ஓட வைத்தே தீர வேண்டிய இடம் ஒன்று உண்டு. சில கார்களில் நம்பர் பிளேட்டே காரைவிட விலை போகும். அந்த எண்ணைத் தனியே பிரித்து வைத்துக்கொள்ள வேண்டுமானால், கார் தன் சொந்த பலத்தில் நகரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது, வாகனப் பதிவைக் கவனிக்கும் பிரிட்டிஷ் அரசு அமைப்பான டிவிஎல்ஏவின் விதி. அப்போது மட்டும் கணக்கு மாறும்.

பிரித்து விற்கும் யோசனை கேட்க இனிமையானது. ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது இன்ஜின் சுழற்சியைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள கியர்பாக்ஸ், கம்பி வீல்கள், குரோம் பம்பர்கள், கூரையின் மடக்குச் சட்டம், கெட்டிக்கூரை இருந்தால் அதுவும் என்று கூட்டிக்கொண்டே போனால் முழுக் காரின் விலையைத் தாண்டிவிடும். ஆனால் இவை முதல் மாதத்தில் போய்விடும். மிச்சமிருக்கும் கதவும் கண்ணாடியும் சீட்டும் கேரேஜை அடைத்துக்கொண்டு, வாங்க ஆளில்லாமல் கிடக்கும். பாகங்கள் எல்லாம் புதிதாகவே கிடைக்கும் காருக்கு இதுதான் கதி. கடைசியில் எலும்புக்கூட்டை அனுமதி பெற்ற உடைப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். 2013ஆம் ஆண்டின் பழைய உலோக வியாபாரச் சட்டப்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதற்கு அவர்கள் ரொக்கமாகப் பணம் தரவும் முடியாது. உடல் முற்றிலும் உதிர்ந்து, அதுவும் 1974 பிற்பகுதி முதல் வந்த கறுப்பு ரப்பர் பம்பர் வகையாக இருந்தால் பிரிப்பதில் நியாயம் உண்டு. அமெரிக்க விதிகளுக்காகத் தரையிலிருந்து உயர்த்தப்பட்ட அந்த வகைக்குக் குரோம் பம்பர் காருக்குள்ள கிராக்கி இல்லை. குரோம் காரைப் பிரித்தால் எனக்கு வயிறு எரியும்.

எங்கே விற்பது? நேரடி ஏலக் கூடத்துக்குக் கொண்டுபோக லாரி வாடகை, நுழைவுக் கட்டணம், கமிஷன் எல்லாம் உண்டு; இரண்டு பேர் போட்டி போட்டால் மட்டுமே கட்டுப்படியாகும். வியாபாரி உடனே பணம் தருவார், ஆனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார். அவசரமென்றால் அவரிடம் போகலாம். 1930 முதல் இயங்கும் எம்ஜி கார் கிளப் போன்ற ஆர்வலர் வட்டங்களில் விளம்பரம் செய்தால் விஷயம் தெரிந்தவர்கள் வருவார்கள். தெரிந்தவர் துருவைக் கண்டு மிரள மாட்டார். இணைய ஏலத்தில் கார் கேரேஜை விட்டு நகர வேண்டியதில்லை. கிளப்பில் போகாவிட்டால் என் அடுத்த தேர்வு அதுதான்.

எந்த வழியானாலும் எழுத்தில் கவனம் வேண்டும். நாற்பது வயது தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி எனப்படும் வருடாந்திர சாலைத்தகுதிச் சோதனை கட்டாயமில்லை. எம்ஜிபிகள் எல்லாம் அந்த வயதைத் தாண்டிவிட்டன. அதனால் இந்தக் காரை எவரும் நேரே சாலைக்குக் கொண்டுபோய்விட முடியும். சாலைக்குத் தகுதியில்லாத வாகனத்தை விற்பது 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 75ஆம் பிரிவின்படி குற்றம். சரிசெய்யும்வரை சாலையில் ஓட்டப்படாது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே ‘சீரமைப்புக்காக மட்டும், லாரியில்தான் எடுத்துச் செல்ல வேண்டும்’ என்ற வரியை விளம்பரத்திலும் ரசீதிலும் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். தொகை வங்கிக்கு வந்து சேர்ந்தபின் வண்டியை லாரியில் ஏற்றவிடுங்கள். லாக்புக்கில் (காரின் பதிவுச் சான்றில்) வாங்குபவருக்கென்று உள்ள பச்சைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அன்றே டிவிஎல்ஏவுக்கு இணையம் வழியே தெரிவித்துவிடுங்கள்.