அடியில் ஒட்டிக்கொள்ளும் யானைத் தட்டு: ஒரு பாட்டியின் மதிப்பீடு

சிலிக்கோன் தட்டு, யானை முக வடிவம், மூன்று குழிகள், அடியில் வட்டமாக ஓர் உறிஞ்சி. விலை 450 ரூபாய். பாண்டி பஜாரில் குழந்தைச் சாமான் கடை ஒன்றில் என் மகள் வாங்கி வந்தாள். அந்தக் காசுக்கு மயிலாப்பூரில் கனமான எவர்சில்வர் தட்டு வாங்கி, பேரன் பெயரையும் வெட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்றேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். மீதிப் பாதிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கேள்வி, ஒட்டுமா? சமையல்கட்டு கிரானைட்டில், பளபளப்பான டைல்ஸ் தரையில், கண்ணாடி மேஜையில் நன்றாகவே ஒட்டுகிறது. ஈரக் கையால் அடியைத் தடவி, நடுவில் ஓர் அழுத்து அழுத்த வேண்டும். ஆனால் எங்கள் பழைய தேக்கு மேஜையில் ஒட்டவே மாட்டேன் என்கிறது. மரத்தின் வரிகளுக்குள் காற்று புகுந்துவிடுகிறது. இரண்டு டைல்ஸ் சேரும் கோட்டின்மேல் வைத்தாலும் அதே கதைதான். அடியில் ஒரு பருக்கை மாட்டியிருந்தாலும் போச்சு.

தட்டை எடுப்பதற்காக உறிஞ்சியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நாக்கு வைத்திருக்கிறார்கள். இரண்டு வயதை எட்டப்போகும் பேரன் முதலில் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான். வரவில்லை. யானையின் காதைப் பிடித்து ஆட்டினான். அப்புறம் குனிந்து சுற்றிலும் பார்த்து, ஆள்காட்டி விரலை அந்த நாக்குக்கு அடியில் விட்டு நெம்பினான். 'டப்' என்று தட்டு கையோடு வந்துவிட்டது. பருப்பு சாதம் தரையில், எங்கள் எல்லோர் முகத்தையும் வரிசையாகப் பார்த்து ஒரு சிரிப்பு. அதிலிருந்து நாக்கு அவனுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படிதான் வைக்கிறோம்.

சூடு விஷயத்தில் சிலிக்கோனுக்குத்தான் என் ஓட்டு. எவர்சில்வரில் சூடான ரசம் சாதம் போட்டால் விளிம்பு வரை சுடும். இது அப்படியில்லை. அதிலேயே ஆபத்தும் இருக்கிறது: தட்டு சுடவில்லை என்று நாம் நம்பிவிடுவோம், சாதம் உள்ளே கொதிக்கும். விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கழுவுவதுதான் தலைவலி. ஒரே வாரத்தில் சாம்பார் குழி மஞ்சளாகிவிட்டது. எவ்வளவு தேய்த்தும் போகாத கறை, மொட்டை மாடி வெயிலில் காயவைத்ததும் வெளுத்தது. மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்கு நிற்காது. வாசனை அப்படிப் போவதில்லை. எலுமிச்சை சோப்புப் போட்டுக் கழுவினால் மறுநாள் தயிர் சாதத்தில் சோப்பு மணக்கிறது. அவ்வப்போது வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்தால் குறைகிறது. வேலைக்கு வரும் அம்மாவிடம் இதையெல்லாம் சொல்ல முடியுமா? நானே கழுவிவிடுகிறேன்.

குழிகள் நம் சாப்பாட்டை நினைத்துச் செய்தவை அல்ல. முழு இட்லி எதிலும் அடங்காது, பிட்டுத்தான் போட வேண்டும். பிசைந்த சாதத்துக்கு மூன்று குழி எதற்கு? பெரிய குழியில் சாதம், ஒன்றில் வெந்த கேரட், இன்னொன்றில் நீளவாக்கில் நான்காக நறுக்கிய திராட்சை என்று வைக்கிறோம். திராட்சையை முழுசாகவோ, வேர்க்கடலையை அப்படியேவோ இந்த வயதில் கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

சரி, அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன். முன்பெல்லாம் ஒருவர் கிண்ணத்தோடு பால்கனியில் காக்கா காட்டிக்கொண்டிருப்போம், மற்றவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டு முடிப்போம். கடைசியில் சாப்பிடுகிறவளுக்கு ஆறிப்போன குழம்பு. இப்போது தட்டைத் தரையில் ஒட்டிவிட்டு, சுற்றிலும் நாங்களும் உட்கார்ந்துவிடுகிறோம். தட்டைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டாம் என்பதால் என் கை என் இலைக்கு வந்துவிட்டது. அவனும் அவன் தாத்தா அப்பளம் நொறுக்குவதைப் பார்த்துத் தன் கேரட்டை நொறுக்கப் பார்க்கிறான். கொஞ்சம் வாய்க்குள்ளும் போகிறது.

எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் சொன்னதை மகள் பிடித்துக்கொண்டிருக்கிறாள்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் இஷ்டம். முதல் பாதி எனக்கு முழுச் சம்மதம். இரண்டாவது பாதியில் வாய் தானாக "இன்னும் ஒரே ஒரு வாய்டா கண்ணா" என்றுவிடுகிறது. "அம்மா, விடும்மா, போதும்னா போதும்" என்கிறாள். விட்டுவிடுகிறேன், பெரும்பாலும்.

வீட்டில் மர மேஜை மட்டும்தான் என்றால் வாங்க வேண்டாம், தண்டம். டைல்ஸ் தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடு என்றால் தாராளமாக வாங்கலாம். நிறத்தில் மட்டும் வெள்ளையும் இளநீலமும் வேண்டாம். மஞ்சள் இருந்தால் மஞ்சளையே எடுங்கள், சாம்பாருக்கு அதுதான் சரி.