சென்டாரா, கான்டெசாவா? பழைய பாய்மரப் படகு வாங்கும் முன்

இங்கிலாந்தின் தென்கரையில் அதிகம் செலவில்லாமல் ஒரு பழைய பாய்மரப் படகு தேடினால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: வெஸ்டர்லி சென்டார், கான்டெசா 26. இரண்டும் ஏறக்குறைய 26 அடி, இரண்டும் ஃபைபர்கிளாஸ். அடிப்பாகத்தைப் பார்த்தால்தான் ஒன்றுக்கொன்று உறவே இல்லை என்பது தெரியும்.

சென்டாருக்குக் கீல், அதாவது படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பாகம், இரண்டு. ஓதம் வற்றிக் கடல்நீர் இறங்கினால் சேற்றிலேயே நிமிர்ந்து உட்கார்ந்துகொள்ளும். ஆழமான துறையில் இடம் பிடிக்கும் செலவு மிச்சம். உள்ளே இடமும் தாராளம். 1969 முதல் 2,000-க்கும் மேல் கட்டப்பட்டது சும்மா இல்லை.

வினையும் அந்தக் கீலில்தான். விரிந்து நிற்கும் கனமான இரும்புக் கீல்கள் தரைதட்டும்போதெல்லாம், போல்ட் போட்ட இடத்தில் படகின் உடல் நெளிகிறது. அதனால் படகு கிரேனில் தொங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஒருவர் கீழே நின்று கீலைப் பக்கவாட்டில் தள்ளட்டும். நீங்கள் உள்ளே தரைப்பலகையைத் தூக்கி டார்ச் அடியுங்கள். போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல், துருக் கசிவு, லேசான அசைவு, எது இருந்தாலும் பெரிய வேலை. உள்ளே முட்டுக் கொடுத்து ஏற்கெனவே பலப்படுத்தியிருந்தால் ரசீதைக் கேளுங்கள்.

கான்டெசாவுக்கு இந்தத் தலைவலி கிடையாது. ஒரே நீளக் கீல். படகை நிமிர்த்தி வைக்கும் எடை ஃபைபர்கிளாஸுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. அமெரிக்கப் பெண் டானியா ஏபி 18 வயதில், 1985-இல் நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு உலகைச் சுற்றியது இந்த ரகப் படகில்தான். கீலின் அடியில் அடிபட்டிருந்தால் தண்ணீர் உள்ளே இறங்கும். கரையேற்றி நெடுநேரம் ஆன பிறகும் அங்கே சொட்டினால் உஷார். மற்றபடி உள்ளே குனிந்துதான் நடக்கவேண்டும். வற்றும் துறையில் முட்டில்லாமல் நிற்காது.

இரண்டுக்கும் பொதுவானவை: அடியிலுள்ள தண்ணீர் வால்வுகளைச் சுரண்டிப் பாருங்கள், பித்தளை இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் துத்தநாகம் போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பத்து வருடம் தாண்டியிருந்தால் காப்பீட்டுக்காரர் கேள்வி கேட்பார். பாயின் தையலை நகத்தால் கீறினால் நூல் அறுகிறதா என்பதும் தெரிந்துவிடும். அப்புறம் படகைச் சோதித்துச் சொல்லும் சர்வேயர், அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள்.

திறந்த கடலுக்குப் போகிறவருக்குக் கான்டெசா. ஆற்றுமுகத்திலும் கரையோரத்திலும் குடும்பத்தோடு சுற்றுபவருக்கு, என் கணக்கில், சென்டார்தான். கீல் வேலை பார்க்காத சென்டார் என்றால் அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேசவேண்டும். மறுத்தால் அடுத்ததைப் பார்க்கலாம், சென்டாருக்கா பஞ்சம்?