புதிய ஹார்ட்கோர் குழுவொன்றுடன் கிளிநொச்சி ஒத்திகை அறையில் நான்கு நாட்கள்

கிளிநொச்சி நகருக்குச் சற்று வெளியே, ஏ9 வீதியிலிருந்து உள்ளே தள்ளி, முன்னர் நெல் மூட்டை அடுக்கி வைத்திருந்த களஞ்சியமொன்றை ஒத்திகைக்கும் ஒலிப்பதிவுக்குமான அறையாக மாற்றி ஓர் அண்ணை நடத்தி வருகிறார். கோயில் திருவிழாக்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் ஒலிபெருக்கி கட்டும் சவுண்ட் சேர்விஸ்தான் அவருடைய பிரதான தொழில். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் இங்கே பெயரில்லாமலே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கிய மாணவர் ஹார்ட்கோர் குழுவொன்றின் ஐந்து பாடல்களை அங்கே பதிவு செய்யும் செயற்றிட்டத்தைத் திட்டமிடும் பொறுப்பு எனக்கு இருந்தது. நான்கு நாட்களுக்குப் பிறகு என் கருத்து இதுதான்: ஒத்திகைக்கும், குழுவாக ஒன்றுசேர்ந்து வாசிப்பதைப் பதிவதற்கும் மாணவர்கள் தயங்காமல் போகக்கூடிய இடம் அது, ஒலிக்கலவையை, அதாவது தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை அளவு பார்த்து ஒன்றாகச் சேர்க்கும் வேலையை மட்டும் அங்கே ஒப்படைக்க வேண்டாம்.

குழுவில் நால்வர். கிற்றாரும், தாழ்ந்த ஒலி தரும் பேஸ் கிற்றாரும் வாசிக்கும் இருவரும் அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள். டிரம்ஸ் வாசிக்கும் தம்பி பரந்தனிலிருந்தும், பாடகி முள்ளியவளையிலிருந்தும் வருகிறார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கும் ஹார்ட்கோர் என்ற இசைவகை 1970களின் இறுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் தலைநகர் வாஷிங்டனிலும் கலிபோர்னியாவிலும் இளைஞர்களிடையே உருவானது. பங்க் என்ற ராக் இசைவகையை விட வேகமானது, பாடல்கள் ஒன்று இரண்டு நிமிடங்களில் முடிந்துவிடும், குரல் பெரும்பாலும் கத்தலாகவே இருக்கும். வாஷிங்டனில் 1980இல் தொடங்கப்பட்ட டிஸ்கார்ட் என்ற வெளியீட்டகம், டீன் ஐடில்ஸ் என்ற பதின்ம வயதினரின் குழு நிகழ்ச்சிகளில் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டே அக்குழுவின் இசைத்தட்டை வெளியிட்டது. எங்கள் மாணவர்கள் இந்தச் செய்தியை அறிந்த நாளிலேயே ஒரு பொதுப்பணக் கொப்பியைத் தொடங்கினார்கள். அறை வாடகை முழுவதும் அந்தக் கொப்பியிலிருந்துதான் கட்டப்பட்டது.

இந்த இடத்தின் மிகப் பெரிய சிறப்பு அங்கே இருக்கும் கருவிகள் அல்ல, முதல் தொலைபேசி அழைப்பிலேயே அண்ணை கேட்கும் கேள்விகள். "எத்தினை பாட்டு? ஒவ்வொண்டும் எவ்வளவு நேரம்? ஆர் ஆர் என்ன வாசிக்கினம்? எல்லாரும் ஒண்டா வாசிச்சுப் பழகியாச்சோ?" என்று கேட்டார். ஐந்து பாடல்களும் சேர்ந்து ஏழு நிமிடங்கள் என்று சொன்னதும், அப்படியானால் ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று அவர் சொல்லவில்லை. கைத்தொலைபேசியில் ஒத்திகையைப் பதிந்து அனுப்பச் சொன்னார். கேட்டுவிட்டு, மூன்றாவது பாடலில் டிரம்ஸ் வேகம் கூடக் கிற்றார் பின்தங்குகிறது என்றும், பதிவுக்கு முன்னர் இரண்டு ஒத்திகை நாட்கள் எடுத்தால்தான் காசு வீணாகாது என்றும் அறிவுறுத்தினார். தன் வியாபாரத்துக்காகச் சொல்கிறாரோ என்று எனக்கு முதலில் தோன்றியது. ஆனால் ஒத்திகை நாட்களுக்கு அவர் பதிவுக் கட்டணத்தில் அரைவாசி கூட வாங்கவில்லை. நால்வரும் பங்கிட்டபோது ஆளுக்கு வந்த தொகை, யாழ்ப்பாணத்துக்குப் பேருந்தில் போய்வரும் செலவை விடக் கொஞ்சமே கூடுதலாக இருந்தது.

கருவிகளைப் பொறுத்தவரை போதுமானவை இருக்கின்றன, ஆடம்பரம் இல்லை. ஒரே நேரத்தில் எட்டு உள்ளீடுகளைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் இணைப்புப் பெட்டி ஒன்று உண்டு. டிரம்ஸுக்கு நான்கு ஒலிவாங்கிகள், கிற்றார் அம்பிளிபயருக்கு ஒன்று, பேஸ் நேரடி இணைப்பில் ஒன்று, மற்றவர்கள் கேட்டு வாசிப்பதற்கான வழிகாட்டிக் குரலுக்கு ஒன்று என்று கணக்கிட்டால் ஏழு போக ஒன்று மிச்சமாகும். 1965ஆம் ஆண்டிலிருந்து சந்தையிலிருக்கும் ஷூர் எஸ்எம்57 இரண்டும், அதற்கு அடுத்த ஆண்டு வந்த எஸ்எம்58 இரண்டும் நல்ல நிலையில் இருந்தன. டிரம்ஸுக்கு மேலே வைத்த இரு ஒலிவாங்கிகளும் ஸ்னேர் என்ற, கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்மின் நடுப்புள்ளியிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால், அண்ணை ஒரு கயிற்றை எடுத்து இரண்டு பக்கமும் அளந்து பார்த்தார். தூரம் மாறினால் ஸ்னேரின் ஓசை இரண்டு ஒலிவாங்கிகளுக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து, கலக்கும்போது மெலிந்துவிடும். அந்தக் கயிற்றுக்குச் செலவிட்ட பத்து நிமிடத்தின் பலன் கடைசிப் பதிவு வரை கேட்கிறது. அறையில் உள்ள டிரம்ஸ் தொகுதியின் பெரிய டிரம்மைக் காலால் அடிக்க உதவும் கிக் பெடல் மட்டும் தளர்ந்து போயிருக்கிறது. கோயில் இசைக்கச்சேரிக்கு அது போதும், நிமிடத்துக்கு இருநூறு தட்டு வேகத்தில் ஓடும் பாடலுக்கு அது காலை ஏமாற்றும். பெடல், ஸ்னேர், சிம்பல் என்ற உலோகத் தட்டு ஆகிய மூன்றையும் சொந்தமாகக் கொண்டுபோவதே நல்லது. பரந்தன் தம்பி இரண்டாம் நாளிலிருந்து அப்படித்தான் செய்தார்.

அறையின் ஒலியமைப்பு பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சுவர்களில் முட்டை மட்டைகளை ஒட்டி வைத்திருக்கிறார்கள். சிம்பலின் கூர்மையான எதிரொலியை அவை சிறிது குறைக்கலாமே தவிர, ஒலி வெளியே போவதையும் தடுக்க மாட்டா, தாழ்ந்த ஒலிகளையும் உறிஞ்ச மாட்டா. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 41 ஹேர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 41 தடவை அதிர்கிறது. காற்றில் அந்த ஒலியலையின் நீளம் எட்டு மீற்றருக்கும் அதிகம். அறையோ நீளத்தில் ஐந்து மீற்றர், அகலத்தில் நான்கு மீற்றர் அளவே இருக்கும். சுவர்களில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றுகூடும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். ஆகவே ஒரு மூலையில் நின்றால் பேஸ் நெஞ்சை அடிக்கிறது, அறையின் நடுப்பக்கம் வந்தால் அதே சுரம் காணாமற்போகிறது. முதல் நாள் முழுவதும் பேஸ் வாசித்தவர் தன் ஒலி கேட்கவில்லை என்று அளவைக் கூட்டிக்கொண்டே போனதற்கும், மற்றவர்கள் அவரைக் குறைக்கச் சொல்லிக்கொண்டே இருந்ததற்கும் காரணம் இதுதான். இரு தரப்பினரும் சொன்னது உண்மை. அம்பிளிபயரை மூலையிலிருந்து நகர்த்தி, தடித்த கம்பளங்களை மூலைகளில் சுருட்டி நிறுத்தியதும் நிலைமை ஓரளவு சீரானது. அந்த முட்டை மட்டைகளுக்குப் பதிலாக மூலைகளில் கனமான கனிமப் பஞ்சுப் பலகைகளை நிறுத்தினால் அறையே மாறிவிடும் என்று அண்ணையிடம் சொன்னோம். செலவைக் கணக்குப் பார்ப்பதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள், பதிவின் நடுவே மின்சாரம் நின்றது. கணினிக்கு யூபிஎஸ் இருந்ததால் அதுவரை வாசித்தவை தப்பின, அம்பிளிபயர்கள் மட்டும் அடங்கிவிட்டன. ஜெனரேற்றரை இயக்கினால் அதன் இரைச்சல் ஒலிவாங்கிகளுக்குள் போகும் என்பதால் காத்திருந்தோம். அந்த ஒரு மணி நேரத்துக்கு அண்ணை காசு எடுக்கவில்லை, அவருடைய வீட்டிலிருந்து தேநீரும் வந்தது. மின்சாரம் திரும்பியபோது பேஸில் மின்னோட்டத்தின் 50 ஹேர்ட்ஸ் முனகல் ஒன்று கேட்டது. எல்லா அம்பிளிபயர்களுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்ததும் அது நின்றது.

என் கடுமையான குறை காதுப் பாதுகாப்பைப் பற்றியது. 85 டெசிபல் ஒலியை ஒரு நாளில் எட்டு மணி நேரம் வரை கேட்கலாம் என்பதும், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதும் தொழிற்சுகாதாரத் துறையினர் பின்பற்றும் பரிந்துரை. அதன்படி 100 டெசிபலில் பாதுகாப்பான நேரம் பதினைந்து நிமிடங்கள் மட்டுமே. மூடிய அறைக்குள் டிரம்ஸும் இரண்டு அம்பிளிபயர்களும் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டுவது மிகச் சாதாரணம். இளம்பிள்ளைகள் வந்துபோகும் இந்த அறையில் காதடைப்பான் ஒரு சோடி கூட இல்லை, அதைப் பற்றிச் சொல்லும் அறிவித்தலும் இல்லை. முதல் நாள் இரவு டிரம்ஸ் தம்பிக்குக் காதில் இரைச்சல் நிற்கவில்லை என்று அவருடைய அம்மா எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது, இதைத் திட்டத்தில் முதல் வரியாக எழுதாமல் விட்டது என் தவறு என்று உணர்ந்தேன். மறுநாள் மருந்துக் கடையில் நுரைக் காதடைப்பான்களை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து வெளியே போவதென்றும் விதி வைத்தோம். குளிரூட்டி இல்லாத அறை அது. மின்விசிறியின் சத்தம் ஒலிவாங்கியில் விழுவதால் பதியும்போது அதையும் நிறுத்த வேண்டும். வன்னி வெயிலில் அந்த இடைவேளை உடம்புக்கும் தேவைப்பட்டது.

குரல் பதிவுக்கு நான்காம் நாளை முழுவதாக ஒதுக்கியதுதான் இந்தத் திட்டத்தில் நாங்கள் எடுத்த மிகச் சரியான முடிவு. பாடகியின் மாமா கோவலன் கூத்தில் ஆடியவர். ஒலிவாங்கி இல்லாத வெளியில் கடைசி வரிசை வரைக்கும் குரல் போக வேண்டுமானால் தொண்டையை இறுக்காமல் அடிவயிற்றிலிருந்து மூச்சைத் தள்ள வேண்டும் என்று அவர் வீட்டிலேயே பழக்கியிருக்கிறார். அந்தப் பழக்கம் கத்திப் பாடுவதற்கு நேரடியாக உதவியது. ஆனாலும் முழு வேகத்தில் நாற்பது நிமிடங்களுக்கு மேல் குரல் தாங்கவில்லை. அதற்குப் பிறகு எடுத்தவை எதையும் நாங்கள் பயன்படுத்தவில்லை. மேடையில் செய்வதைப் போல ஒலிவாங்கியின் தலையைக் கைகளால் பொத்திப் பிடித்தபோது ஒலி மூக்கடைத்ததைப் போல மாறியது. முன்பக்க ஒலியை மட்டும் வாங்குவதற்காகப் பின்புறத்தில் அமைக்கப்பட்ட துளைகள் அடைபடுவதே அதற்குக் காரணம். அண்ணை அதைப் பொறுமையாக விளக்கி, தண்டை மட்டும் பிடிக்கச் சொன்னார்.

அவர் கண்டுபிடித்த இன்னொரு விடயம் எங்களில் எவருக்கும் தோன்றாதது. நிமிடத்துக்கு இருநூறு தட்டு வேகத்தில், தட்டுக்கு இரண்டு எழுத்து என்று பாடினால் ஓர் எழுத்துக்குக் கிடைப்பது ஒரு விநாடியில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு நேரந்தான். கண்ணிமைக்கும் நேரத்தை ஒரு மாத்திரையாகக் கொண்டால், ஒரு மாத்திரைக் குறில் அதற்குள் அடங்கும், இரண்டு மாத்திரை வேண்டிய நெடில் அடங்காது. இரண்டாவது பாடலில் சொற்கள் குழம்பியதற்கு உச்சரிப்புக் காரணமல்ல, வரிக்கு வரி நெடில்கள் நெருங்கி நின்றதே காரணம். "தங்கச்சி, காத்திருந்தோம் எண்டு இழுக்காமல், நிண்டம் எண்டு வெட்டிப் பாருங்கோ" என்றார். அங்கேயே அமர்ந்து எட்டு வரிகளை மாற்றினார்கள். அடுத்த முறை பாடியபோது சுவருக்கு அப்பால் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. தமிழில் ஹார்ட்கோர் எழுத நினைக்கும் எவரும் மெட்டுக்கு முன்னர் குறில் நெடிலை எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒலிக்கலவையில்தான் நாங்கள் ஏமாற்றமடைந்தோம். திருவிழா ஒலிபெருக்கிகளோடு பல ஆண்டுகள் பழகிய காது என்பதால், அவர் குரலை எல்லாவற்றுக்கும் மேலே தூக்கி, எதிரொலியும் சேர்த்துவிடுகிறார். இந்த இசையில் குரல் கிற்றாரோடு முட்டிக்கொண்டு, எதிரொலி இல்லாமல் வறட்சியாக நிற்க வேண்டும். இரண்டு தடவை திருத்தியும் சரிவரவில்லை, மூன்றாவது தடவைக்குத் தனிக் கட்டணம். ஆனால் மூலப்பதிவுகள் முழுவதையும் கேட்டவுடனே தந்துவிட்டார், இது எல்லா இடங்களிலும் நடப்பதில்லை. 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் எட்டுத் தடங்களுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 மெகாபைட் ஆகும்; ஐந்து பாடல்களையும் ஐந்து தடவை வாசித்தாலும் மூன்று கிகாபைட்டுக்குள் அடங்கும். எனவே ஒரு சாதாரண பென் டிரைவ் போதும். கிற்றார் வாசிக்கும் தம்பி இப்போது தன் விடுதி அறையிலேயே கலந்துகொண்டிருக்கிறார், முதல் இரண்டு பாடல்கள் நன்றாக வந்திருக்கின்றன.

பெண்பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். அறை அண்ணையின் வீட்டு வளவுக்குள்ளேயே இருக்கிறது, அக்காவும் பிள்ளைகளும் எப்போதும் அங்கே இருக்கிறார்கள், சுத்தமான மலசலகூடம் உண்டு. மாலை ஆறு மணிக்குக் கட்டாயம் மூடிவிடுவார். முல்லைத்தீவுப் பக்கம் போகிறவர்கள் பரந்தனில் பேருந்து பிடிக்க அது வசதியான நேரம். திருவிழாக் காலத்தில் கருவிகளில் பாதி கோயிலுக்குப் போய்விடுவதால் நாள் குறிப்பதற்கு முன்னர் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து வளவில் சனிக்கிழமைகளில் ரியூஷன் வகுப்பு நடக்கிறது, அன்று மதியம் வரைக்கும் டிரம்ஸ் வாசிக்க அவர் விடமாட்டார். ஞாயிறு காலைதான் முழு நேரமும் தடையில்லாமல் கிடைக்கும்.