ஜீனோம் வேலியில் வாடகை ஆய்வகம்: ஈராண்டு அனுபவம்

இறாலைத் தாக்கும் வெண்புள்ளி வைரஸைக் கண்டறிய ஒரு பிசிஆர் (மரபணுத் துணுக்கைப் பன்மடங்காக்கிப் பார்க்கும் சோதனை) கிட் தயாரிக்கும் முயற்சியில், ஐதராபாத்துக்கு வடக்கே ஷாமீர்பேட்டைப் பக்கமுள்ள ஜீனோம் வேலியில், நானும் என் கூட்டாளியும் ஓர் இன்குபேட்டரில், அதாவது புது நிறுவனங்களுக்கு இடமும் கருவிகளும் தரும் மையத்தில், ஈராண்டு ஆய்வகம் வாடகைக்கு எடுத்திருந்தோம். அதன் பெயரைச் சொல்வதைத் தவிர்க்கிறேன். ஒரு நிர்வாகத்தைக் குறை கூறுவதைவிட, இத்தகைய இடத்துக்குப் போக நினைக்கும் சிறு நிறுவனத்தாருக்குப் பயன்படுவதே என் நோக்கம்.

அரசும் தனியாரும் கைகோத்து வளர்த்த உயிரித் தொழில்நுட்பப் பகுதி இது. 1999-ல் அன்றைய ஆந்திர அரசு ஜீனோம் வேலித் திட்டத்தைத் தொடங்கியது. ஐசிஐசிஐ அரசுடன் சேர்ந்து 200 ஏக்கரில் ஆய்வகங்களுக்கான அறிவுப் பூங்கா (நாலெட்ஜ் பார்க்) ஒன்றை நிறுவியது. 2012-ல் தொடங்கப்பட்ட உயிரித் தொழில்நுட்பத்துக்கான மத்திய அரசு நிறுவனமான பைராக், புதிய யோசனைகளுக்கு 50 லட்சம் ரூபாய் வரை மானியம் தருகிறது. நிலம், கட்டடம், தொடக்கப் பணம் மூன்றும் இப்படிக் கிடைத்துவிடுவதால், எங்களைப் போன்ற இருவர் கூட இந்தத் தொழிலுக்குள் நுழைய முடிகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டு அட்டைப்பெட்டிகளோடு போய் இறங்கிய நாங்கள் அந்த வாரமே முதல் பிசிஆரை ஓட்டினோம். கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ், தூய காற்றில் வேலை செய்ய லாமினார் ஃப்ளோ, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர் எல்லாம் பொதுவில் இருந்தன. உயிரிக் கழிவை எடுத்துச் செல்ல ஆள் வருவார். பக்கத்து அறைக்காரர்கள் எத்தனால் தீர்ந்த இரவில் ஒரு பாட்டிலை நீட்டியதோடு, எங்கள் பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஏன் வேலை செய்யவில்லை என்று கூடவே உட்கார்ந்து பார்த்தார்கள். வாடகை ரசீதில் வராத இந்த உதவிக்காகவே அங்கு போகலாம்.

குறை மே மாதத்து ஒரு சனிக்கிழமை இரவில் வெளிப்பட்டது. மின்சாரம் போய் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்கியபோது, எங்கள் ஃப்ரீசர் இருந்த லைனின் பிரேக்கர் மட்டும் விழுந்துவிட்டது. அலாரம் பல மாதங்களாகவே அணைக்கப்பட்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. திங்கள் காலை கதவைத் திறந்ததும் மீன் சந்தையின் நாற்றம் முகத்தில் அடித்தது. நெல்லூர்ப் பண்ணைகளிலிருந்து நான்கு மாதமாகச் சேர்த்த இறால் செவுள் மாதிரிகள் கரைந்து போயிருந்தன. நிர்வாகத்தினர் வருத்தம் தெரிவித்தார்கள். அவர்களால் செய்ய முடிந்ததும் அவ்வளவுதான்.

ஃப்ரீசருக்குப் பராமரிப்பு ஒப்பந்தம், அதாவது ஏ.எம்.சி., முடிந்து ஓராண்டு ஆகியிருந்தது. கருவி வாங்க வந்த மானியத்தில் பராமரிப்புக்கென்று செலவுத் தலைப்பே இல்லை. வாடகையைக் குறைவாக வைத்திருப்பதால் அதிலிருந்து எடுக்கவும் வழியில்லை; இன்குபேட்டரில் அரசோடு சேர்ந்த தனியார் தரப்போ கட்டடத்தோடு தன் பொறுப்பு முடிந்தது என்று எண்ணுகிறது. ரியல் டைம் பிசிஆர் கருவி பழுதானபோதும் இதே கதைதான்: இன்ஜினியர் வந்து பார்க்கவே மூன்று மாதம் ஆயிற்று.

கூட்டு முயற்சி என்பதே சரிப்படாது என்று இதை வைத்து முடிவுகட்டினால் தவறு. அதே ஜீனோம் வேலியில் உள்ள பாரத் பயோடெக், ரோட்டாவைரஸ் தடுப்பூசியான ரோட்டாவாக்கை 2015-ல் வெளியிட்டது. (அதன் நிறுவனர் கிருஷ்ணா எல்லா நம் திருத்தணிப் பக்கத்துக்காரர்.) தடுப்பூசிக்கு மூலமான 116இ என்ற வைரஸ் வகை, டெல்லி எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து 1980-களில் பிரித்தெடுக்கப்பட்டது. அதை மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையும் வெளிநாட்டு அமைப்புகளும் ஆண்டுக்கணக்காகக் கைவிடாமல் தாங்கின. திறப்பு விழாவுக்குப் பிறகும் பணம் தொடர்ந்து வந்தது.

ஆகவே போகிறவர்கள் அறையின் பரப்பளவைப் பார்க்கும் முன் ஏ.எம்.சி. தாள்களைக் கேட்டு வாங்கி, தேதியைப் படிக்க வேண்டும். இரவில் அலாரம் அடித்தால் யாருடைய கைபேசி ஒலிக்கும் என்றும், கருவியை இயக்கும் டெக்னீஷியன் நிரந்தர ஊழியரா, திட்டம் முடிந்ததும் போய்விடுபவரா என்றும் கேட்க வேண்டும். எங்கள் கிட் இப்போது களச் சோதனையில் இருக்கிறது. மாதிரிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நெல்லூரிலேயே ஒரு நண்பரின் ஃப்ரீசரில் வைத்திருக்கிறோம்.